குடும்பப் பனிச்சறுக்கு நாள் (சுவிட்சர்லாந்து)

குடும்பப் பனிச்சறுக்கு நாள் என்பது பெற்றோரும் பிள்ளைகளும் ஒரு பனிச்சறுக்குத் தலத்தில் காலை முதல் மாலை வரை சேர்ந்து சறுக்கிக் கழிக்கும் விடுமுறை நாளைக் குறிக்கும். ஆல்ப்ஸ் மலைத்தொடர் பரவியுள்ள நாடுகளில், சிறப்பாகச் சுவிட்சர்லாந்தில், இது குளிர்கால வாழ்வின் ஒரு பகுதியாகும். அந்நாட்டின் பல மாநிலங்களில் பிப்ரவரியை ஒட்டிப் பள்ளிகளுக்கு விடப்படும் விடுமுறையே 'விளையாட்டு விடுமுறை' என அழைக்கப்படுகிறது.

திறமையில் பெரிதும் வேறுபட்டவர்கள் ஒரே மலைச்சரிவைப் பகிர்ந்துகொள்வது இந்நாளின் தனித்தன்மை. ஐந்து வயதுச் சிறுமியும், வேகத்தை விரும்பும் பதினைந்து வயது அண்ணனும், முதன்முறையாகச் சறுக்குக்கட்டை பூட்டும் தாயும் ஒரே குடும்பத்தில் இருப்பார்கள். தடங்களின் நிறம், காலணியின் பிணைப்பு, நடத்தை விதிகள் ஆகிய எல்லாம் இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டே அமைக்கப்பட்டுள்ளன. பெர்ன் மாநிலத்திலுள்ள வெங்கன் என்னும் மலையூரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை அவற்றை விளக்குகிறது.

இடம்

வெங்கன் கடல் மட்டத்திலிருந்து 1274 மீட்டர் உயரத்தில், லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்குக்கு மேலே அமைந்துள்ளது. இவ்வூருக்குச் சாலை வழியாகக் கார் செல்ல முடியாது. பள்ளத்தாக்கிலிருந்து 1893இல் திறக்கப்பட்ட வெங்கர்னால்ப் பற்சக்கர ரயிலில்தான் ஏறிவர வேண்டும். நீலகிரி மலை ரயிலைப் போலவே, இரு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல்லிருப்பைப் பற்றிக்கொண்டு இது மேலே செல்கிறது.

அதே ரயில் வெங்கனைத் தாண்டி, 2061 மீட்டர் உயரத்திலுள்ள கிளைன ஷைடெக் கணவாயை அடைகிறது. ஐகர், மோங்க், யுங்ஃபிராவ் ஆகிய மூன்று சிகரங்களும் அதற்கு மேலே நிற்கின்றன. வெங்கனிலிருந்து மென்லிகன் என்னும் முகட்டுக்குக் கம்பிவட ஊர்தியும் உண்டு. மென்லிகன் பகுதியின் அகன்ற, சரிவு குறைந்த தடங்கள் குடும்பங்களுக்கு ஏற்றவை. தொடக்க நிலையினருக்கான பயிற்சித் திடல் ஊரின் நடுவிலேயே இருப்பதால், சிறு குழந்தைகளை மலைமேல் அழைத்துச் செல்லாமலே பழக்கலாம்.

வரலாறு

பனிமீது கட்டை பூட்டி நடப்பது வட ஐரோப்பாவில் பல்லாயிரம் ஆண்டுப் பழக்கம். ஆல்ப்ஸ் மலைச்சரிவுகளில் கீழ்நோக்கிச் சறுக்குவது விளையாட்டாக வளர்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்துதான். வெங்கனுக்கு எதிர்ப்புறம், பள்ளத்தாக்கின் மறுகரையில் உள்ள மியூரன் ஊரில் 1922இல் ஆங்கிலேயரான ஆர்னல்டு லன் கொடிகளுக்கு இடையே வளைந்து செல்லும் சலாலம் போட்டியை நவீன வடிவில் நடத்தினார். முதல் ஆல்ப்பைன் உலகப் போட்டிகளும் 1931இல் மியூரனிலேயே நடந்தன. வெங்கனில் 1930 முதல் நடைபெறும் லாபர்ஹார்ன் போட்டியின் இறக்கத் தடம் ஏறத்தாழ 4.5 கி.மீ. நீளமுடையது. உலகக் கோப்பைத் தொடரின் மிக நீளமான இறக்கம் இதுவே.

விளையாட்டு வீரர்களுக்குரிய ஒன்றைக் குடும்பங்களுக்கும் உரியதாக மாற்றியது மேலேற்றும் இயந்திரம். அதற்கு முன்பு சில நிமிடச் சறுக்கலுக்காகப் பல மணி நேரம் ஏற வேண்டியிருந்தது. 1934இல் டாவோஸ் நகரில், நகரும் கம்பிவடத்தில் கொக்கி மாட்டிச் சறுக்குவோரை இழுத்துச் செல்லும் இழுவை லிஃப்ட் இயங்கத் தொடங்கியது. 1936இல் அமெரிக்காவின் சன் வேலியில் முதல் நாற்காலி லிஃப்ட் வந்தது. கப்பல்களில் வாழைத்தார்களை ஏற்றும் கொக்கி வடத்தைக் கண்ட அனுபவத்திலிருந்தே அதன் பொறியாளர் அதை வடிவமைத்தார். வடத்தில் தொங்கிய தாருக்குப் பதிலாக ஒரு நாற்காலி வந்தது.

கருவிகள்

பெரும்பாலான குடும்பங்கள் கருவிகளை ஊரிலுள்ள கடைகளில் வாடகைக்கு எடுக்கின்றன. வளரும் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பருவத்திலும் அளவு மாறுவதால் வாடகையே சிக்கனமானது.

காலணி: நாளின் இன்பமும் துன்பமும் பெரும்பாலும் இதைப் பொறுத்தவை. நிமிர்ந்து நிற்கும்போது கால்விரல் முன்பகுதியை மெல்லத் தொட வேண்டும். முழங்காலை மடக்கும்போது விலக வேண்டும். குதிகால் மேலெழக் கூடாது. ஒரு சோடி நீளக் காலுறை போதும். குளிருக்கு அஞ்சி இரண்டு சோடி போட்டால் மடிப்புகள் அழுத்தும், இரத்த ஓட்டம் குறைந்து கால் மேலும் குளிரும்.

கட்டை: தொடக்க நிலையினருக்கு மோவாய்க்கும் மூக்குக்கும் இடைப்பட்ட நீளம் பொருந்தும். சிறுவருக்கு மார்பிலிருந்து மோவாய் வரை போதுமானது. குட்டையான கட்டை எளிதில் திரும்பும்.

பிணைப்பு: காலணியைக் கட்டையோடு பூட்டும் விசைப்பொறி இது. விழும்போது குறித்த அளவுக்கு மேல் முறுக்கு ஏற்பட்டால் தானே விடுபட்டுக் காலைக் காக்கும். அந்த அளவை எடை, உயரம், வயது, காலணி அடியின் நீளம், சறுக்கும் திறன் ஆகியவற்றைக் கொண்டு கடைக்காரர் கணக்கிடுகிறார். திறமையை மிகைப்படுத்திச் சொன்னால் பிணைப்பு இறுக்கமாக அமைக்கப்படும். விடுபட வேண்டிய நேரத்தில் அது விடுபடாது. எனவே உண்மையான திறனையும் எடையையும் சொல்வது பாதுகாப்புக்கு இன்றியமையாதது.

தலைக்கவசம்: சுவிட்சர்லாந்தில் சட்டக் கட்டாயம் இல்லை, ஆயினும் பெரும்பாலோர் அணிகின்றனர்.

தடங்களின் நிறங்கள்

சுவிட்சர்லாந்தில் தடங்கள் சரிவின் அளவைப் பொறுத்து நிறக் குறியீடு பெறுகின்றன.

நீலம்: எளிது. குறுகிய பகுதிகள் நீங்கலாகச் சரிவு 25 விழுக்காட்டைத் தாண்டாது.
சிவப்பு: நடுத்தரம். சரிவு 40 விழுக்காடு வரை.
கறுப்பு: கடினம். அதைவிடச் செங்குத்தானவை.
மஞ்சள்: இயந்திரத்தால் சமன்செய்யப்படாத வழி. தேர்ந்தவர்களுக்கு மட்டும்.

25 விழுக்காடு என்றால் 100 மீட்டர் கிடைத்தூரத்துக்கு 25 மீட்டர் இறக்கம் என்று பொருள். நிறங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடும். வட அமெரிக்காவில் பச்சை வட்டமே எளியது, நீலச் சதுரம் நடுத்தரம். அங்கே பழகியவர் சுவிட்சர்லாந்தின் நீலத்தை நடுத்தரம் என்று எண்ணிவிடக் கூடும். மேலும், நிறம் சரிவையே காட்டுகிறது. அன்றைய பனியின் நிலையைக் காட்டுவதில்லை. காலையில் மென்மையாக இருந்த நீலத் தடம் மாலையில் நிழல் விழுந்ததும் கண்ணாடிபோல் இறுகிவிடலாம்.

நாளின் ஒழுங்கு

காலை: இரவில் இயந்திரங்கள் சமன்செய்த தடங்கள் காலையில்தான் சீராகவும் கூட்டமின்றியும் இருக்கும். எனவே குடும்பங்கள் முதல் ரயில்களிலேயே மேலே செல்ல முயல்கின்றன. உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும். பள்ளத்தாக்கில் 2 பாகை இருந்தால் கிளைன ஷைடெக்கில் ஏறத்தாழ மைனஸ் 6 பாகை இருக்கும் என்று கணக்கிட்டு உடுத்திக்கொள்ள வேண்டும்.

கற்றல்: பல குடும்பங்களில் சிறுவர்கள் காலையில் சறுக்குப் பள்ளிக்குச் செல்கின்றனர். சுவிஸ் சறுக்குப் பள்ளிகளின் அடையாளமான 'ஸ்னோலி' என்னும் வெள்ளை முயல் அவர்களுக்கு நண்பன். நகரும் பட்டையான 'மாயக் கம்பளத்தில்' நின்றபடி மேலேறி, முதலில் நிற்கக் கற்கிறார்கள். கட்டைகளின் முன்முனைகளைச் சேர்த்துப் பின்புறத்தை விரித்தால் வேகம் குறையும். ஆசிரியர்கள் இதைப் 'பீட்சா' என்பார்கள். இரண்டையும் இணையாக வைத்தால் வேகம் கூடும். அது உருளைக்கிழங்கு 'சிப்ஸ்'. மூன்று வயதுக் குழந்தைக்கும் புரியும் இச்சொற்கள் பெரியவர்களுக்கும் பயன்படுகின்றன.

தாமே கற்றுக்கொடுக்க முயலும் பெற்றோர் சிலர், பிள்ளை அஞ்சும்போது பொறுமை இழக்கின்றனர். அறிமுகமில்லாத ஆசிரியரிடம் அழாத குழந்தை பெற்றோரிடம் அழுவது இயல்பு. இதனால்தான் முதல் பாடங்களை ஆசிரியரிடம் விடுவது பரிந்துரைக்கப்படுகிறது.

லிஃப்ட்: நாற்காலி லிஃப்டில் ஏறுமுன் முதுகுப் பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். வார் மாட்டிக்கொண்டால் இறங்க முடியாது. சிறுவர் பெரியவர் பக்கத்தில் அமர வேண்டும். உட்கார்ந்தவுடன் காப்புக் கம்பியை இறக்கி, அறிவிப்புப் பலகை வரும் வரை உயர்த்தாமல் இருக்க வேண்டும்.

நண்பகல்: மலையுச்சி உணவகங்களில் உருளைக்கிழங்குத் துருவலைப் பொரித்துச் செய்யும் ரோஷ்டி, பாலாடைக்கட்டி சேர்த்த மக்ரோனி, சூடான சாக்லேட் ஆகியவை வழக்கமான உணவு. கட்டிச்சோறு கொண்டுவரும் குடும்பங்களும் பல. குளிரில் தாகம் தெரியாது; ஆயினும் உடல் நீரை இழக்கிறது. புதுப்பனி புறஊதாக் கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்புவதால், முகத்தின் கீழ்ப்பகுதியும் வெயிலில் கருகும். மேகமூட்டமான நாளிலும் களிம்பும் காப்புக் கண்ணாடியும் தேவை.

மாலை: கால் தசைகள் சோர்ந்து, வெளிச்சம் மங்கி, எல்லோரும் ஒரே தடத்தில் ஊருக்கு இறங்கும் நேரம் இது. 'கடைசியாக ஒரு முறை' என்ற ஆசைக்குப் பிள்ளைகள் மட்டுமன்றிப் பெரியவர்களும் இணங்கிவிடுவதுண்டு. வெங்கன் போன்ற ஊர்களில் சறுக்கித்தான் இறங்க வேண்டும் என்பதில்லை. சிறுவருடன் வந்தோர் ரயிலிலோ கம்பிவட ஊர்தியிலோ இறங்கிவிடலாம். தடம் மூடப்பட்ட பிறகு அதில் சறுக்குவது உயிருக்கே ஆபத்து. சமன்செய்யும் வண்டிகள் செங்குத்தான இடங்களில் நீண்ட எஃகு வடத்தைக் கட்டிக்கொண்டு இயங்கும். அரையிருளில் அந்த வடம் கண்ணுக்குத் தெரியாது.

நடத்தை விதிகள்

பன்னாட்டுப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 1967இல் பத்து நடத்தை விதிகளை ஏற்றுக்கொண்டது. அவற்றின் சாரம் வருமாறு:

1. பிறருக்கு ஆபத்தோ தீங்கோ விளைவிக்கக் கூடாது.
2. திறமை, சரிவு, பனி, வானிலை, கூட்டம் ஆகியவற்றுக்கேற்ப வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும்.
3. பின்னாலிருந்து வருபவர், முன்னால் இருப்பவருக்கு ஆபத்தில்லாத வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.
4. எப்பக்கமும் முந்தலாம், ஆனால் முந்தப்படுபவர் எதிர்பாராமல் திரும்பினாலும் இடிக்காத அளவு இடைவெளி வேண்டும்.
5. தடத்தில் நுழையும்போதும் மீண்டும் புறப்படும்போதும் மேலும் கீழும் பார்க்க வேண்டும்.
6. குறுகிய இடத்திலும் மேலிருந்து தெரியாத இடத்திலும் நிற்கக் கூடாது. விழுந்தால் விரைவில் விலக வேண்டும்.
7. நடந்து ஏறுவோரும் இறங்குவோரும் ஓரமாகச் செல்ல வேண்டும்.
8. குறியீடுகளை மதிக்க வேண்டும்.
9. விபத்தில் உதவ வேண்டும்.
10. விபத்தில் தொடர்புடையோரும் கண்டோரும் தம் பெயர், முகவரியைத் தர வேண்டும்.

இவற்றுள் மூன்றாம் விதியே குடும்பங்களுக்கு மிக முக்கியமானது. கீழே இருப்பவரின் முதுகில் கண் இல்லை. ஆகவே முழுப் பொறுப்பும் மேலிருந்து வருபவருடையது. தடுமாறி வளைந்து செல்லும் ஐந்து வயதுச் சிறுமிக்கு முன்னுரிமை உண்டு. வேகமாக வரும் தேர்ந்த வீரருக்கு இல்லை. இவை நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல. எனினும் மோதல் வழக்குகளில் சுவிட்சர்லாந்து நீதிமன்றங்கள் இவற்றையே அளவுகோலாகக் கொள்கின்றன.

சேர்ந்து சறுக்கும் குடும்பங்கள் இவ்விதிகளைச் சில எளிய பழக்கங்களாக்கிக் கொள்கின்றன. திறன் குறைந்தவரின் தடமே எல்லோருக்கும் தடம். பெரியவர் ஒருவர் முன்னும் மற்றவர் கடைசியிலும் செல்வர். நிற்கும் இடம் முன்கூட்டியே சொல்லப்படும். முன்னவர் தடத்தின் ஓரத்தில் நின்று, கடைசி ஆள் வரும்வரை காத்திருப்பார். கடைசியாக வந்தவரும் சற்று மூச்சு வாங்கிய பிறகே எல்லோரும் புறப்படுவர். இல்லையெனில் ஓய்வு மிகத் தேவையானவருக்கே ஓய்வு கிடைக்காமல் போகும். வேகம் விரும்பும் பிள்ளைகளுக்கு, சந்திக்கும் இடமும் நேரமும் குறித்துத் தனியாகச் சிறிது நேரம் தரப்படும். பிரிந்தால் எந்த லிஃப்டின் அடியில் சேர வேண்டும் என்பதும் காலையிலேயே முடிவாகும்.

விபத்தும் பனிச்சரிவும்

காயங்களில் பெரும்பாலானவை பிறர் மோதாமல் தானே விழுவதால் ஏற்படுகின்றன. விபத்து நேர்ந்தால் காயமுற்றவருக்குச் சற்று மேலே இரு கட்டைகளைக் குறுக்காக நட்டு வைக்க வேண்டும். மேலிருந்து வருவோருக்கு அதுவே எச்சரிக்கை. பிறகு தடமீட்புப் பணியாளரை அழைக்க வேண்டும். மருத்துவ ஊர்திக்கு 144, 1952இல் தொடங்கப்பட்ட ரேகா வான்மீட்பு அமைப்புக்கு 1414 என்ற எண்கள் நாடு முழுவதும் இயங்குகின்றன.

டாவோசிலுள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் நாள்தோறும் அறிக்கை வெளியிடுகிறது. ஆபத்து 1 முதல் 5 வரையான படிகளில் குறிக்கப்படும். திறந்துள்ள தடங்கள் பனிச்சரிவிலிருந்து காக்கப்பட்டவை. தடத்துக்கு வெளியே உள்ள தூய வெண்பனிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒரே சறுக்குச் சுவடு தெரிவதைக் கண்டு பிள்ளைகள் அவ்வழியே செல்ல விரும்புவர். சுவடு இருப்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது.

செலவும் பள்ளி முகாம்களும்

லிஃப்ட் சீட்டு, வாடகை, பயணம், உணவு எல்லாம் சேர்ந்தால் நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு நாளே பெருஞ்செலவாகும். இதனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாய்ப்பு கிடைப்பதில்லை. இந்த இடைவெளியை நீண்ட காலமாகக் குறைத்து வந்தவை பள்ளிகளின் பனிச்சறுக்கு முகாம்கள். வகுப்பு முழுதும் ஒரு வாரம் மலையில் தங்கிக் கற்கும் முறை இது. 1980கள் முதல் குடியேறிய இலங்கைத் தமிழர்களைப் போல, பனியே காணாத நிலங்களிலிருந்து வந்த பல குடும்பங்களில் பனிச்சறுக்கை முதலில் அறிந்தவர்கள் முகாமுக்குச் சென்ற பிள்ளைகளே.

2017 டிசம்பரில் சுவிட்சர்லாந்துக் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம், கட்டாயப் பள்ளி முகாம்களுக்குப் பெற்றோரிடம் உணவுச் செலவு மட்டுமே, நாளொன்றுக்கு 10 முதல் 16 பிராங்கு வரை, பெறலாம் என்று கூறியது. கட்டாயக் கல்வி இலவசம் என்பது அதன் அடிப்படை. ஏழைக் குடும்பங்களுக்கு இது நன்மை. அதே வேளையில் மீதிச் செலவை ஏற்கும் பொறுப்பு அரசுகள், ஊராட்சிகள், பள்ளிகள் மீது விழுந்ததால், முகாம்களைத் தொடர்வது எப்படி என்ற கேள்வியும் எழுந்தது.

காலநிலை மாற்றம்

டிசம்பர் 16 முதல் ஏப்ரல் 15 வரையான காலத்தில் குறைந்தது 100 நாட்கள் 30 செ.மீ. பனி கிடப்பதும், பத்துக் குளிர்காலங்களில் ஏழிலாவது அவ்வாறு அமைவதும் நம்பகமான சறுக்குத் தலத்துக்கான இலக்கணமாக ஆய்வாளர்களால் கொள்ளப்படுகிறது. வெப்பம் கூடக் கூட, இந்த இலக்கணத்துக்குள் வரும் உயர எல்லை மேலே நகர்கிறது. செயற்கைப் பனிக்கும் நீரும் மின்சாரமும் உறைநிலைக்குக் குறைந்த வெப்பமும் வேண்டும். ஊருக்கு அருகிலுள்ள தாழ்வான சிறு சரிவுகளே முதலில் பனியை இழக்கின்றன. குறைந்த செலவில், ஒரு பிற்பகலில், பிள்ளைகள் முதல் முறை விழுந்து எழக் கற்பது பெரும்பாலும் அத்தகைய சரிவுகளில்தான்.