சாவி யாரிடம்?

சென்ற மாதம் நாகர்கோவிலில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போயிருந்தேன். பிள்ளைகள் வளைகுடாவிலும் பெங்களூரிலும் இருக்க, இங்கே ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் ஆச்சிமார்கள், பாட்டாமார்கள். தாழ்வாரத்தைப் பளிச்சென்று துடைத்திருந்தார்கள். ஆனால் ஓரமெல்லாம் பழைய பத்திரிகைக் கட்டு, பஞ்சு பிதுங்கிய மெத்தை, கயிற்றுப் பாய். சுவாமி படத்தின் முன்னே விளக்கு. அதை உரசினாற்போல் திரைச்சீலை. மாடிப்படி முடியுமிடத்தில் இரும்புக் கம்பிக் கதவு, அதில் பெரிய பூட்டு!

"சாவி யாரிடம், ஆச்சி?" என்றேன்.

"வாட்ச்மேன்கிட்ட மக்களே. கள்ளன் பயம் உண்டுல்லா? ராத்திரி பூட்டிட்டு அவன் சாயா குடிக்கப் போவான். நாங்க உள்ளே பத்திரமா இருப்போம்."

எனக்குச் சொரேலென்றது. காரணம் சொல்கிறேன், கேளுங்கள்.

2001 ஆகஸ்ட் 6-ந் தேதி விடியற்காலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த அவர்களால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. நள்ளிரவில் சாவி கிடைக்காத பூட்டும் ஒரு சங்கிலிதானே?

2011 டிசம்பர் 9-ந் தேதி கொல்கத்தாவில், ஆம்ரி மருத்துவமனையின் நிலவறையில் தீப்பிடித்தது. வாகனம் நிறுத்த வேண்டிய அந்த இடத்தில் எரியக்கூடிய சாமான்களை அடைத்திருந்தார்கள். புகை மேல் மாடிகளுக்கு ஏறியது. சுமார் 90 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மூச்சுத் திணறித்தான். நெருப்பு நெருங்கும் முன்பே புகை ஆளைச் சாய்த்துவிடும், சகோதரிகளே! அதிலும், கைத்தடி ஊன்றி நடப்பவருக்கு ஒவ்வொரு நிமிஷமும் பெரிது.

ஆகவே, தாழ்வாரமும் மாடிப்படியும் சாமான் அறையல்ல. உயிர் தப்பும் வழி. அங்கே மெத்தை, காகிதம், காஸ் சிலிண்டர், சார்ஜ் ஏறும் ஸ்கூட்டர் எதுவும் கூடாது. விளக்கை அகலமான தாம்பாளத்தில், துணிக்குத் தொலைவில் வையுங்கள். படுக்கப் போகுமுன் மலையேற்றிவிடுங்கள். நடக்க முடியாதவர்களுக்குக் கீழ்த்தளத்தில் அறை கொடுக்கச் சொல்லுங்கள்.

தீப்பிடித்தால் அறையைவிட்டு வந்ததும் கதவைச் சாத்துங்கள். புகை பரவத் தாமதமாகும். லிப்டில் ஏற வேண்டாம். புகையில் குனிந்தே செல்லுங்கள். 101 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள். மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பூட்டு? வெளியேறும் கதவு உள்ளிருந்து சாவியில்லாமலே திறக்கும்படி இருக்கவேண்டும் என்கிறது 2016-ம் வருஷத்திய தேசியக் கட்டிட விதித்தொகுப்பு. கள்ளனுக்கு வெளிப்பக்கம் அடைத்திருக்கட்டும். ஆச்சிக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் போதும். அதுவரை இரவுப் பணிப்பெண்ணிடம் ஒரு சாவி இருக்கட்டும்.

இதை நிர்வாகி அம்மாளிடம் சொன்னேன். அன்று மாலையே மெத்தைகள் வெளியேறின. தாழ்ப்பாளுக்குத் தச்சரை வரச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த முறை முந்திரிக்கொத்து எடுத்துக்கொண்டு அம்மாவைப் பார்க்கப் போகும்போது, "மருந்து சாப்பிட்டாயா?" என்பதோடு இதையும் கேளுங்கள்: "ராத்திரி சாவி யாரிடம், அம்மா?"