"நோற்ற" என்ற சொல்லின் கதை

திண்டிவனத்தில் இருந்து மேற்கே போனால் செஞ்சி வரும். விழுப்புரத்தில் இருந்தும் பஸ் உண்டு. செஞ்சிக்கு அருகே திருநாதர் குன்று இருக்கிறது.

சமணர்கள் வணங்கும் 24 தீர்த்தங்கரர்களின் உருவங்களை அங்கே பாறையில் செதுக்கி இருக்கிறார்கள். வரிசைக்கு 12 பேர், இரண்டு வரிசை.

அதே குன்றில் ஒரு கல்வெட்டும் உண்டு. அதற்கு வயது ஏறக்குறைய 1,500 ஆண்டு!

சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் நோன்பு இருந்து உயிர் விட்டார். அவருடைய நினைவிடம் அது. "இறந்தார்" என்ற சொல் அதில் இல்லை. "நோற்ற" என்றுதான் இருக்கிறது.

பொருள் என்ன?

"நோல்" என்பது பழைய தமிழ் வினைச்சொல். பொறுத்துக்கொள், தாங்கிக்கொள் என்பது பொருள். பசியைத் தாங்குவதும் அதில் அடக்கம். ஆகவே விரதம் இருப்பதற்கும் அதே சொல் வந்தது.

"நோன்பு" என்பதும் இந்த வேரில் பிறந்ததுதான். மலையாளத்தில் "நோம்பு" என்பார்கள். தெலுங்கில் "நோமு." கன்னடத்தில் "நோம்பி." எல்லாம் ஒரே குடும்பம்!

எப்படி மாறும்?

"கல்" என்ற சொல் உங்களுக்குத் தெரியும். கற்றான், கற்கிறான், கற்பான் என்று மாறும். "நோல்" என்பதும் அப்படியே. நோற்றான், நோற்கிறான், நோற்பான். "ல்" போய் "ற்" வந்துவிடுகிறது.

"நோற்றான்" என்றால் பேச்சு முடிந்தது. "நோற்ற" என்றால் முடியாது. "நோற்ற யார்?" என்று கேட்கத் தோன்றும். பின்னால் ஒரு பெயர் வந்தே தீரவேண்டும். அதனால் இதற்குப் பெயரெச்சம் என்று பெயர்.

கல்வெட்டில் அந்தப் பெயர் சந்திரநந்தி. அவர் பட்ட 57 நாள் பசியும் அவர் பெயரும் இந்த ஒரு சொல்லால் சேர்ந்து நிற்கின்றன.

இன்று?

இன்று "நோற்கிறேன்" என்று வீட்டில் யாரும் பேசுவது இல்லை. "நோன்பு இருக்கிறேன்" என்கிறோம். ஆனால் வேர் சாகவில்லை. பாட்டி காரடையான் நோன்புக்கு அடை தட்டுகிறாள். ரம்ஜான் மாதத்தில் அடுத்த வீட்டில் இருந்து நோன்புக் கஞ்சி வருகிறது. இரண்டிலும் அந்தப் பழைய சொல் இருக்கிறது.

செஞ்சிக் கோட்டை பார்க்கப் போகிறவர்கள் பிள்ளைகளைத் திருநாதர் குன்றுக்கும் அழைத்துப் போங்கள். பாறையில் யாரும் தங்கள் பெயரைக் கீறவேண்டாம். ஒரு கீறல் விழுந்தால் ஓர் எழுத்து போகும். "நோற்ற" போய்விட்டால், அந்த மனிதர் என்ன செய்தார் என்பதைச் சொல்ல அந்தக் கல்வெட்டில் வேறு வினைச்சொல் இல்லை.