வாளை வைத்துவிட்டு ஏரைப் பிடித்த சீர்விகள்

ராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டத்தில் உள்ள பிலாடாவில், ஆயி மாதா கோயிலின் கருவறையில் அணையா விளக்கு ஒன்று எரிகிறது. அதன் புகை கரியாகப் படிவதில்லை, குங்குமப்பூ நிறத்தில் படிகிறது என்பது பக்தர்களின் நம்பிக்கை. இங்கு தேவியின் ஆசனமே வழிபாட்டுக்கு உரியது. இக்கோயிலை மையமாகக் கொண்டு வாழும் உழவர் சமூகத்தினரே சீர்விகள்.

தாங்கள் ராஜபுத்திரர்களே என்பது இவர்களின் வாதம். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலாவுதீன் கில்ஜியின் படையிடம் ஜாலோர் கோட்டை வீழ்ந்தது. சௌகான் மன்னர் கான்ஹட் தேவ் மாண்டார். அவரிடம் பணியாற்றிய 24 குலத்தினர் லூனி ஆற்றுப் பள்ளத்தாக்குக்குத் தப்பிவந்து, நிலமுடையோரிடம் விளைச்சலில் பங்குக்கு உழுதனர் என்கிறது மரபுக் கதை. கூட்டுச் சாகுபடியைக் குறிக்கும் 'சீர்' என்ற சொல்லே சாதிப் பெயரானதாம். ராட்டோர், சோலங்கி, சௌகான் என்ற குலப் பெயர்களையும் அவர்கள் சான்றாகக் காட்டுகின்றனர்.

கதையை அப்படியே வரலாறாகக் கொள்வதற்கில்லை. ராஜபுத்திர வம்சாவளி கூறும் உழவர் சாதிகள் வட இந்தியாவில் ஏராளம். ஆயினும் 17-ஆம் நூற்றாண்டில் மார்வார் அமைச்சர் நைன்சி தொகுத்த பர்கனா விவரங்களிலேயே சீர்விகள் குடியான மக்களாக இடம்பெற்றுவிட்டனர்.

வழக்கங்களைப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகிறது. ராஜபுத்திர மேல்குடியினர் கலப்பையைத் தொடுவதை இழிவாகவும், விதவை மறுமணத்தைக் குலத்துக்கு இழுக்காகவும் கருதினர். சீர்விகளிடம் 'நாதா' எனும் மறுமண முறை இருந்துவந்தது. பதினொரு இழைகளில் பதினொரு முடிச்சிட்ட 'பேல்' கயிற்றை ஆண்கள் மணிக்கட்டிலும் பெண்கள் கழுத்திலும் அணிகின்றனர். முடிச்சுகள் ஆயி மாதா விதித்த பதினொரு நெறிகளைக் குறிப்பவை. ஒவ்வொரு ஊரிலும் 'படேர்' எனப்படும் வழிபாட்டிடம் உண்டு. சமயத் தலைவரான 'திவான்' பதவி பிலாடாவில் பரம்பரையாக வருகிறது. வளர்பிறை இரண்டாம் நாள் அவர்களுக்குப் புனித நாள். பாத்ரபத மாதத்து 'பீஜ்' பெருவிழாவாகக் கொண்டாடப்படுகிறது.

குலப் பெருமை ஒருபுறம் இருக்க, நிலம் யாருடையது என்பதே இவர்களின் வாழ்வைத் தீர்மானித்தது. மார்வார் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் ராஜபுத்திரர்கள். எந்தக் குலத்தோடு உறவு கொண்டாடினார்களோ அந்தக் குலத்துப் பிரபுக்களுக்கே விளைச்சலில் பங்கு அளக்க வேண்டியிருந்தது. 1952-ஆம் ஆண்டின் ஜாகீர் மீட்புச் சட்டமும் 1955-ஆம் ஆண்டின் குத்தகைச் சட்டமும்தான் உழுதவர்களுக்கு நில உரிமை கிடைக்க வழிசெய்தன.

ராஜஸ்தான் அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சீர்விகள் இடம்பெற்றுள்ளனர். சத்திரியர் என்ற உரிமைக் கோரலுக்கும் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழுக்கும் முரண்பாடு இல்லையா என்றால், பூர்வீகம் வேறு, இன்றைய நிலை வேறு என்பதே அவர்கள் தரப்பு வாதமாக இருக்க முடியும். வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. இட ஒதுக்கீட்டுக்கு உரிய அளவுகோல் சமூக, கல்வி நிலையே. மூதாதையரின் வாள் அல்ல.

லூனி பாய்ந்தும் தண்ணீர் போதாத பூமி அது. சீரகமும் கடுகும் விளைவித்த குடும்பங்களில் பலர் கடை வைக்க வெளியேறினர். சென்னையிலும் பெங்களூரிலும் அவர்களுக்குப் படேர்கள் உள்ளன. சென்னைவாசிகளுக்கோ மார்வாரிலிருந்து வந்தவர் எல்லோரும் 'சேட்டு'தான். அடகுக்கடைக்காரர் உழவர் மரபில் வந்தவராக இருக்கலாம் என்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.