பால்மரம் தாங்கும் பாலம்

பினாங்கு இரண்டாவது பாலத்தில் கார் போய்க்கொண்டிருந்தது. "பாட்டி, இந்தப் பாலம் ரப்பர் மேலதான் உட்கார்ந்திருக்கு" என்றேன். "போடி, கதை விடாதே" என்றார்.

என் பாட்டி பத்து பாகாட் வட்டாரத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டு, பிறகு உளி, மங்கு, வாளி. பாலை நிறுத்துக் கொடுத்ததோடு அவர் கணக்கு முடிந்தது. அது பிறகு என்ன ஆனது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. "இந்த வாடை உங்களுக்கு வேணாம்" என்று மட்டும் எங்களிடம் சொல்லி வளர்த்தார்.

அன்று காரில் அந்த மீதிக் கதையைச் சொன்னேன்.

பாலில் அமிலம் சேர்த்தால் உறையும். ரோலரில் பிழிந்து, சீட்டாக்கி, புகையில் காய வைப்பார்கள். இந்த ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கந்தகம் கலந்து சூடாக்கினால், அதன் நீண்ட மூலக்கூறு இழைகளைக் கந்தகம் முடிச்சுப் போட்டு இணைக்கும். பிறகு இழுத்துவிட்டாலும் பழைய வடிவத்துக்கே திரும்பும். 1839-இல் சார்ல்ஸ் குட்இயர் கண்டறிந்தது இது.

அடுத்த கட்டம்தான் பொறியியல். ரப்பரையும் எஃகுத் தகட்டையும் மாறி மாறி அடுக்கி, அச்சில் அழுத்திச் சூடாக்குவார்கள். ரப்பர் பிதுங்காதபடி எஃகு பிடித்துக்கொள்வதால் பெரும் பாரத்தையும் தாங்கும். பக்கவாட்டில் மட்டும் வளைந்து கொடுக்கும். நிலம் நடுங்கினால், அந்த அதிர்ச்சியில் பெரும்பகுதி மேலே ஏறாது.

இதற்கேற்ற இயற்கை ரப்பரை உருவாக்கியது, இங்கிலாந்தில் இயங்கிய மலேசிய ரப்பர் உற்பத்தியாளர்களின் ஆய்வுக்கூடம். 1985-இல் கலிபோர்னியாவில் ஒரு நீதிமன்றக் கட்டடத்தை இத்தகைய 98 தாங்கிகள் மேல் நிறுத்தினார்கள். 2014-இல் திறக்கப்பட்ட இந்தப் பினாங்கு பாலத்திலும் இயற்கை ரப்பர் தாங்கிகள்தான்.

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ நம்ம வேலை வீண் போகலை" என்றார்.

தோட்டத்தை விட்டு வந்தோம், சரிதான். ஆனால் ரப்பரையே கேவலமாக நினைத்து விட்டுவிட்டோமோ? பால் எடுத்த கைகளுக்குக் கிடைத்தது எடைக்கூலி. அறிவும் லாபமும் அடுத்த கட்டங்களில்தான் இருந்தன. எஸ்.பி.எம். முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால், மூலப்பொருள் பொறியியல் என்றொரு படிப்பு இருப்பதைச் சொல்லுங்கள். நம் பாரிட் ராஜாவிலேயே துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம் பொறியாளர்களை உருவாக்குகிறது. பாட்டி நிறுத்திய இடத்திலிருந்து பேரப்பிள்ளை தொடங்கலாம்.