வளைவே இல்லாத லென்ஸ்: எப்படி இயங்குகிறது?

சாம்பாருக்குக் காய் போடுவதில் ஒரு வரிசை உண்டு. முருங்கைக்காய் வேக நேரமெடுக்கும், அது முதலில். கத்தரிக்காய் கொஞ்சம் பொறுத்து. தக்காளி கடைசியில். முன்பின்னாகப் போட்டால்தான் எல்லாம் ஒன்றாக வெந்து இறங்கும். லென்ஸ் பார்ப்பதும் இதே வேலைதான்.

இணையாக வரும் ஒளியை ஒரு புள்ளியில் குவிக்க வேண்டும். ஓரத்தில் நுழையும் ஒளிக்கு அந்தப் புள்ளி தூரம், அதுதான் முருங்கைக்காய். நடுவில் நுழைவதற்குக் கிட்டம். அதைச் சற்றுப் பிடித்துவைத்து அனுப்ப வேண்டும். வழக்கமான லென்ஸ் நடுவில் தடித்திருப்பது இதற்காகத்தான். கண்ணாடிக்குள் ஒளி மெதுவாகப் போகும். தடிமன் கூடினால் தாமதமும் கூடும்.

வளைவே இல்லாத லென்ஸான மெட்டாபரப்புக்கு அந்தத் தடிமன் வேண்டாம். சமதளக் கண்ணாடித் தகட்டின் மேல், ஒளியின் அலைநீளத்தைவிடக் குறைந்த இடைவெளியில் நுண்தூண்கள் நிற்கும். எல்லாம் ஒரே உயரம். பருமன் மட்டும் இடத்துக்கு இடம் மாறும். பருத்த தூணில் ஒளி அதிகம் தாமதிக்கும், மெலிந்ததில் குறைவு. அலையின் அதிர்வு சுழன்றபடி வரும் வட்டமுனைவு ஒளியாக இருந்தால், பட்டையான தூண்களை வெவ்வேறு கோணத்தில் திருப்பி நட்டாலே போதும். 2016-இல் ஹார்வர்டில் ஃபெடரிகோ கப்பாசோவின் குழு அப்படித்தான் செய்தது. டைட்டானியம் டை ஆக்சைடு தூண்கள், உயரம் 600 நானோமீட்டர். ஏ4 தாளின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட வராது.

இவ்வளவு மெல்லிய அடுக்கு எப்படிப் போதும்? இங்கே சாம்பார் கைகொடுக்காது. குழைந்த காய் குழைந்ததுதான். அலைக்கோ ஒரு சலுகை உண்டு: ஒரு முழு அலை பிந்தி வந்தாலும் முகடு முகட்டோடுதான் சேரும். ஆகவே நூற்றுச் சொச்சம் அலை தாமதம் தேவைப்படும் இடத்திலும், முழு அலைகளைக் கழித்துவிட்டு அந்தச் சொச்சத்தை மட்டும் கொடுத்தால் போதும். என்னைக் கேட்டால், மொத்த சாமர்த்தியமும் இந்தக் கழித்தலில்தான்.

கோளாறும் அங்கேயேதான். முழு அலை என்பது நிறத்துக்கு நிறம் வேறு: பச்சைக்கு 532 நானோமீட்டர் என்றால் சிவப்புக்கு 660. பச்சைக்குக் கழித்த கணக்கு சிவப்புக்குச் செல்லாது. குவியும் தூரம் மாறிவிடும். ஹார்வர்டு குழு மூன்று நிறங்களுக்குத் தனித்தனியாக லென்ஸ் செய்தது. நிறப்பிழை குறைந்தவை பிறகு வந்தன; அளவில் மிகச் சிறியவை.

2022-இல் எஸ்டி மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ், ஹார்வர்டிலிருந்து பிரிந்த மெட்டாலென்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து மெட்டாபரப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, தேர்ந்தெடுத்தது கேமராவை அல்ல. தூரத்தை அளக்கும் உணரியை. அது பயன்படுத்துவது அகச்சிவப்பு லேசர், ஒரே அலைநீளம். நிறத் தொல்லையே இல்லை. வண்ணப் படம் எடுக்க இன்னமும் வளைந்த லென்ஸ்தான் கெட்டி.