சளியா, குரல்வளையா?

கைக்குழந்தை மூச்சுவிடும்போது கீச்சென்றோ கரகரவென்றோ சத்தம் கேட்டால், ‘நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது’ என்பதுதான் வீட்டில் எழும் முதல் பேச்சு. சளி மருந்திலேயே வாரங்கள் ஓடிவிடும். ஆனால், பிறந்த சில வாரங்களில் தொடங்கி, மூச்சை உள்ளிழுக்கையில் கேட்டு, அழும்போதும் பால் குடிக்கும்போதும் மல்லாந்து படுக்கும்போதும் கூடுகிற சத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் குரல்வளைத் தளர்ச்சி. குரல்வளையின் மேல்பகுதி இன்னும் உறுதிப்படாததால், மூச்சோடு சேர்ந்து உள்ளே உறிஞ்சப்படுகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு இது இரண்டு வயதுக்குள் தானே சரியாகிவிடும். எனினும் குரல்நாண் செயலிழப்பு, நீர்க்கட்டி, குரல்நாணுக்குக் கீழே வளரும் இரத்தநாளக் கட்டி ஆகியவையும் இப்படிச் சத்தம் எழுப்பலாம். இரத்தநாளக் கட்டிகள் புரோப்ரனலால் மருந்துக்குச் சுருங்குவது 2008-இல் தெரியவந்தது. நோய்க்கு நோய் வைத்தியம் வேறு. எனவே சந்தேகம் நீடித்தால், சத்தம் பிறக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்துவிடுவதே முறை.

அப்படிப் பார்க்க உதவுவது வளையும் எண்டோஸ்கோப். பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரீந்தர் சிங் கபானியும் இயற்பியலாளர் ஹாப்கின்ஸும் கண்ணாடி இழைக்கற்றை வழியே படத்தைக் கடத்திக் காட்டியது 1954-இல். அந்த வழியில் ஜப்பானிய மருத்துவர் ஷிகெட்டோ இகேடா 1966-இல் மூச்சுக்குழாய்க்கான வளையும் கருவியை உருவாக்கினார். இன்று ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாயை மூக்கு வழியே செலுத்தி, குரல்வளையைத் திரையில் பார்க்கலாம். தாயின் மடியில் விழித்திருக்கும் குழந்தைக்கே ஓரிரு நிமிடங்களில் இதைச் செய்ய முடியும். தளர்ந்த திசு மடிவதும் குரல்நாண் அசைவதும் குழந்தை தானாக மூச்சுவிடும்போதுதான் சரியாகத் தெரியும்.

பச்சிளம் குழந்தைக்குள் குழாயை விடுவது ஆபத்தில்லையா? குரல்நாணைத் தாண்டிப் பார்ப்பதானால் மயக்க மருந்தும் அனுபவமுள்ள குழுவும் தேவை. குரல்வளையோடு நின்றால் ஆபத்து குறைவு. காதால் கேட்டே சொல்லிவிடலாமே என்றால், நன்றாகப் பால் குடித்து எடை கூடும் குழந்தைக்கு அது பெரும்பாலும் போதும். அதைத் தாண்டினால் காது ஊகிக்கத்தான் முடியும். மூச்சுப்பாதையோ மிகக் குறுகியது. நான்கு மில்லிமீட்டர் விட்டம் வீக்கத்தால் இரண்டாகக் குறைந்தால், காற்றுக்கான தடை குறைந்தது 16 மடங்காகிறது. தொலைவையும் செலவையும் சொல்வது நியாயமே. பாச்சலூரிலிருந்து மலையிறங்கி ஒட்டன்சத்திரம் வரும் தாய்க்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலி. ஆனால் காரணம் தெரியாமல் திரும்பத் திரும்ப அலைவதுதான் பெருஞ்செலவு. சத்தம் வரும்போது செல்போனில் வீடியோ எடுத்துக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். யாரை மதுரைக்கோ வேறு பெரிய மருத்துவமனைக்கோ அனுப்ப வேண்டும் என்று முடிவுசெய்ய அது உதவும். உதடு நீலமானாலோ, மூச்சு நின்று நின்று வந்தாலோ, விலா உள்வாங்கினாலோ வீடியோ எடுக்கவும் நிற்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.