டேப்பட் சத்தம் நல்லது: லட்சம் கிலோமீட்டர் ஓடின ஸ்ப்ளெண்டருக்கு என்ன பார்க்கணும்?

வண்டியை சர்வீஸ் விடும்போது நம்மள்ல பல பேர் முதல்ல சொல்றது இதுதான்: "அண்ணே, டேப்பட் சத்தம் வருது, கொஞ்சம் டைட் வெச்சு விடுங்க." தயவுசெஞ்சு அப்படிக் கேக்காதீங்க.

1994-ல வந்த ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டரையே எடுத்துக்குவோம். 97.2 சிசி, ஒத்தை சிலிண்டர், ரெண்டே வால்வு. ராக்கர் முனைக்கும் வால்வு தண்டுக்கும் நடுவுல ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்குகூட இல்லாத இடைவெளி விடுவாங்க. எஞ்சின் சூடானா வால்வு நீளும், அதுக்குத்தான் அந்த இடம். டேப்பட்டை டைட் வெச்சு அதையும் அடைச்சுட்டா வால்வு முழுசா மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன்னோட சூட்டை இறக்குறதே சீட்ல போய் உக்கார்ற அந்த நேரத்துலதான். உக்காரலன்னா ஓரம் கருகிப் போகும். சத்தமே வராது. ஆனா கிக்கர் லேசாகும், சூடானதும் ஐட்லிங் நிக்காது, மைலேஜ் குறையும். லேசா டிக் டிக்னு கேட்டா பயமே வேணாம். ராத்திரியே வண்டியை விட்டுட்டு, காலையில எஞ்சின் ஆறியிருக்கும்போது ஃபீலர் கேஜ் போட்டுப் பார்க்கச் சொல்லுங்க. காது கணக்கு இங்க உதவாது.

அடுத்தது, எனக்கு ரொம்ப ஆதங்கமான விஷயம். இந்த எஞ்சின்ல காகித ஆயில் ஃபில்டர் கிடையாது. ஒரு சல்லடை இருக்கு, அப்புறம் கிராங்க் முனையில ஒரு வட்டமான கிண்ணம். அது கிராங்க்கோட சேர்ந்து சுத்தும்போது ஆயில்ல இருக்குற தூளெல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கிடும். எவ்வளவு அருமையான ஏற்பாடு! ஆனா ஆயில் மாத்தும்போது அந்த அழுக்கு வெளிய வராது. வலது பக்க கவரைக் கழட்டி, கிண்ணத்தைத் திறந்தாத்தான் தெரியும்: உள்சுவர் பூரா கருப்புக் களிமண் மாதிரி அப்பியிருக்கும். பெட்ரோல் ஊத்தித் துடைச்சு, புது கேஸ்கெட் போட்டு மூடணும். பத்து பதினஞ்சாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவையாவது இதைச் செய்யுங்க. கேட்டு வாங்கலன்னா யாரும் திறக்க மாட்டாங்க. ஆயில் டப்பாவுல ஜாசோ எம்ஏ-ன்னு இருக்கான்னும் பாருங்க. கார் ஆயில் ஊத்தினா கிளட்ச் வழுக்கலாம்.

புகை வந்தா உடனே "எஞ்சின் இறக்கணும்"னு சொல்வாங்க. கொஞ்சம் பொறுங்க. காலையில ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் நீலமா வந்து நின்னுடுதா? பெரும்பாலும் வால்வு சீல்தான். சின்ன ரப்பர், சின்ன செலவு. ஆக்ஸிலேட்டர் முறுக்குற நேரமெல்லாம் வந்தா ரிங்கும் போரும் தேஞ்சிருக்கு. அப்பவும் வண்டியை வித்துடாதீங்க. இரும்பு லைனர்தான், லேத்ல போர் போட்டு ஓவர் சைஸ் பிஸ்டன் ஏத்தலாம்.

கோன் செட், ஸ்விங் ஆர்ம் புஷ், ஸ்போக்ஸ் மூணையும் கையால ஆட்டிப் பார்த்தாலே லூஸா இருக்கான்னு தெரிஞ்சுடும். செயினையும் ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்தே மாத்துங்க.

போர் போட்டு வந்ததும் முதல் 500 கிலோமீட்டர் வண்டியை முறுக்காதீங்க. அதுக்கப்புறம் அந்த ஆயிலை ஒரு நாள்கூட விட்டு வைக்காதீங்க. புது ரிங் லைனர்ல உரசின இரும்புத் தூள் பூரா அதுலதான் மிதக்கும். வடிக்கும்போதே அந்தக் கிண்ணத்தையும் திறந்து துடைக்கச் சொல்லிடுங்க.